சோயாவுக்கு இலைவழிப் பசளை: யாழ்ப்பாணத்து மண்ணில் எதற்குக் காசு கொடுக்கலாம்?

சிறுபோகத்தில் வெங்காயமும் மிளகாயும் மாறி மாறிப் போட்டு அலுத்தவர்கள் சிலர், ஒரு துண்டு நிலத்தில் சோயா போட்டுப் பார்க்கலாமா என்று யோசிக்கிறார்கள். நல்ல யோசனைதான். மூன்று மாதத்துப் பயிர். வெங்காயத்தோடு பார்த்தால் செலவும் குறைவு, வேலையும் குறைவு. ஆனால் விதைத்து மூன்றாம் நாலாம் கிழமையில் கொழுந்து வெளிறத் தொடங்கினால் மனம் பொறுக்காது, கடைக்கு ஓடுவோம். "அண்ணை, சோயா இலை மஞ்சளா நிக்குது, என்ன அடிக்கலாம்?" "இதை அடியுங்கோ, மூண்டு நாளில பச்சை பிடிக்கும்." கையில் ஒரு போத்தல் வந்துவிடும். சொன்னபடி பச்சை பிடிக்கவும் கூடும். அறுவடையில் அந்தப் போத்தலின் விலை திரும்பி வருமா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

இலைக்கு அடிக்க இன்று பல வழிகள் இருக்கின்றன. சாதாரண யூரியாக் கரைசல், மிக நுண்ணிய துணிக்கைகளாகச் செய்த நனோ யூரியா, தமிழ்நாட்டு வீடியோக்களில் சொல்லும் டிஏபி (டைஅமோனியம் பொசுபேற்று) கரைசல், தண்ணீரில் கரையும் கலப்புப் பசளைத் தூள், நுண்ணூட்டங்கள், கடற்பாசிச் சாறு, பஞ்சகவ்வியம். ஒன்றுமே அடிக்காமல் விடுவதும் ஒரு வழிதான், அதையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்முடைய சுண்ணாம்பு நிலத்தில் சோயாவுக்கு இலைவழியாகக் கொடுக்கப் பொருத்தமானவை மங்கனீசும் இரும்பும், சில தோட்டங்களில் நாகமும் (சிங்க்). இவை கிராம் கணக்கில் தேவைப்படுபவை. கிலோக் கணக்கில் தேவைப்படும் நைதரசனையும் பொசுபரசையும் இலையால் ஊட்டப் பார்ப்பது காசைக் காற்றில் விடுவது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது, வேரில் முடிச்சுக் கட்டும் பக்டீரியாவை விதைக்குப் பூசுவது. அதைச் செய்யாமல் இலைக்கு எதை அடித்தாலும் பெரிய பலன் இருக்காது.

ஒரு தாங்கிக்குள் எவ்வளவு இருக்கிறது?

கணக்கை ஒரு பரப்புக்குப் பார்ப்போம். 16 பரப்பு ஒரு ஏக்கர், அப்படியென்றால் ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். ஹெக்டேயருக்கு 2 தொன் விளைகிறது என்று வைத்துக்கொண்டால் பரப்புக்கு 50 கிலோ சோயா வரும். ஒரு தொன் விதை விளைய, பயிர் மொத்தமாக எடுக்கும் நைதரசன் கிட்டத்தட்ட 80 கிலோ. நெல்லைவிட எவ்வளவோ அதிகம், ஏனென்றால் சோயா விதையில் புரதம் அவ்வளவு இருக்கிறது. இந்தக் கணக்கில் நம் பரப்புக்கு 4 கிலோ நைதரசன் வேண்டும்.

இப்போது 16 லீற்றர் தெளிகருவித் தாங்கியில் 1 வீத யூரியாக் கரைசல் எடுக்கிறோம். 160 கிராம் யூரியா. அதில் நைதரசன் 46 வீதம், ஆக 74 கிராம். ஒரு தாங்கியை ஒரு பரப்புக்கு அடித்து, ஒரு துளிகூட நிலத்தில் விழாமல் முழுவதும் இலைக்குள் போய்விட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் தேவையில் 2 வீதத்தை எட்டவில்லை. செறிவைக் கூட்டினால் என்ன என்று கேட்கலாம். கூட்டினால் இலை விளிம்பு கருகும். சாதாரண யூரியாவில், அதைத் தயாரிக்கும்போது உண்டாகும் பையூரெற் என்ற பொருளும் சிறிதளவு இருக்கும், அதுவும் இலை நுனியைச் சுடும். ஆகவே இந்த வழியில் ஓர் எல்லைக்கு மேல் போகவே முடியாது.

இதோடு நம் கிணற்றையும் வைத்துப் பார்க்க வேண்டும், அதை யாரும் பேசுவதில்லை. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடுதலாக இருப்பது நீண்டகாலமாகத் தெரிந்த விஷயம். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். சரியாக அந்த எல்லையில் நிற்கும் ஒரு கிணற்றிலிருந்து போகம் முழுக்க 400 மில்லிமீற்றர் இறைத்தால், ஒரு பரப்புக்கு ஏறத்தாழ 1 இலட்சம் லீற்றர் தண்ணீர் போகும். அதில் 5 கிலோ நைத்திரேற்று, அதாவது 1.1 கிலோ நைதரசன். பதினைந்து தாங்கி யூரியாக் கரைசலில் உள்ள நைதரசனை நாம் தெரியாமலே இறைத்துக்கொண்டிருக்கிறோம்! இந்தத் தண்ணீரை இறைத்துவிட்டு, அதற்கு மேல் 74 கிராமுக்காகக் கூலி கொடுத்து அடிப்பதில் என்ன கணக்கு இருக்கிறது?

மங்கனீசுக்கு வந்தால் கணக்கு தலைகீழாக மாறுகிறது. 50 கிலோ சோயா விதைக்குள் இருக்கும் மங்கனீசு ஒன்றரைக் கிராம் அளவுதான். இலை, தண்டு எல்லாம் சேர்த்தாலும் தேவை சில கிராமைத் தாண்டிப் பெரிதாகப் போகாது. லீற்றருக்கு 3 கிராம் வீதம் மங்கனீசு சல்பேற் கரைத்த ஒரு தாங்கியில் ஏறத்தாழ 15 கிராம் மங்கனீசு இருக்கும். பாதி வீணானாலும் பயிரின் பசி தீரும். இலைவழிப் பசளை என்ற முறைக்கே அர்த்தம் வருவது இங்கேதான்.

யூரியா, நனோ யூரியா, கலப்புத் தூள்

சோயாவுக்கு இலைவழியாக எல்லாச் சத்தையும் கொடுக்கலாம் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. 1976இல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்சியா, ஹான்வே என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விதை முற்றும் காலத்தில் சோயா தன் இலைகளில் இருக்கும் சத்தையே உறிஞ்சி விதைக்கு அனுப்புகிறது; வேரின் வேலையும் அப்போது தளர்கிறது; இலை பழுத்து விழுகிறது. அந்த நேரத்தில் நைதரசன், பொசுபரசு, பொட்டாசியம், கந்தகம் நான்கையும் 10:1:3:0.5 என்ற விகிதத்தில், அதாவது விதையில் இருக்கும் அதே விகிதத்தில், இலைக்கு அடித்தால் என்ன? அடித்தார்கள், விளைச்சல் நன்றாகக் கூடியது. உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் அடுத்த சில ஆண்டுகளில் பல மாநிலங்களில் அதைச் செய்து பார்த்தார்கள். பெரும்பாலான இடங்களில் விளைச்சல் கூடவில்லை. சில இடங்களில் இலை கருகி, அடிக்காத பாத்தியைவிடக் குறைந்தது.

அதன் பிறகு பசளைகள் மாறின, கருவிகள் மாறின. 2019, 2020 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்காவின் 16 மாநிலங்களில் 46 பரிசோதனைகள் நடத்தி, கடைகளில் விற்கும் ஆறு இலைவழிப் பசளைகளைக் காய் பிடிக்கத் தொடங்கும் நேரத்தில் அடித்துப் பார்த்தார்கள். குறைபாட்டு அறிகுறி இல்லாத சோயாவில் இவற்றால் விளைச்சல் கூடவில்லை, விவசாயியின் இலாபம்தான் குறைந்தது என்பதே 2021இல் வெளியான முடிவு. குறைபாடு இல்லாத சோயாவில் என்ற அந்த நிபந்தனையை மறந்துவிடாதீர்கள். நம் நிலத்துக்கு அதில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. கீழே அதற்கு வருகிறேன்.

நனோ யூரியாவை நமக்கு அறிமுகப்படுத்தியது 2021ஆம் ஆண்டின் நெருக்கடி. அந்த ஆண்டு மே மாதத்தில் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து திரவ நனோ நைதரசன் விமானத்தில் வந்து இறங்கியது. நவம்பரில் தடை தளர்ந்தது. அரை லீற்றர் போத்தல் ஒன்று 45 கிலோ யூரியாப் பைக்கு ஈடு என்று சொல்லி விற்கப்பட்ட பொருள் அது. போத்தலில் நைதரசன் 4 வீதம், ஆக 20 கிராம். பையில் இருப்பது 20 கிலோவுக்கு மேல். ஆயிரம் மடங்கு வித்தியாசம். துணிக்கை எவ்வளவு சிறிதாக இருந்தாலும், எவ்வளவு நன்றாக இலைக்குள் போனாலும், 20 கிராம் 20 கிராம்தான். பயிரின் புரதத்தில் இருக்கும் நைதரசன் எங்கிருந்தோ வந்தாக வேண்டும்.

யூரியாக் கரைசலை ஒரேயடியாக ஒதுக்கவும் இல்லை. காலபோக மழையில் தோட்டத்தில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் நின்று, வேர் மூச்சு முட்டிப் பயிர் முழுவதும் வெளிறினால், வேர் தெளியும் வரை தாக்குப்பிடிக்க 1 வீதக் கரைசலை ஒரு தடவை அடிக்கலாம். அதற்கு மேல் அதில் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. பல நிறப் பைகளில் வரும் கலப்புத் தூளுக்கும் இதே கணக்குத்தான். விலைதான் யூரியாவைவிடப் பல மடங்கு.

டிஏபிக் கரைசல் ஏன் அங்கே சரி, இங்கே சரியில்லை

"20 கிராம் டிஏபியை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்துப் பூக்கும்போது ஒரு முறை, பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை அடியுங்கள்." தமிழ்நாட்டில் பயறு வகைகளுக்கு நீண்டகாலமாகச் சொல்லிவரும் நல்ல பரிந்துரை இது. பலன் கிடைப்பதும் உண்மை. ஆனால் அது எந்த நிலத்தில் வேரூன்றிய பழக்கம் என்று பார்க்க வேண்டும். நெல் அறுவடைக்கு முன்பின்னாக வயலின் எஞ்சிய ஈரத்திலேயே உளுந்தையோ பயறையோ தூவிவிடுவார்கள். உழவும் இல்லை, அடிக்கட்டுப் பசளையும் இல்லை, இறைப்பும் இல்லை. அந்தப் பயிருக்குப் பசளை கொடுக்க இலையைத் தவிர வேறு வழியே கிடையாது. வன்னியில் நெல் வெட்டியபின் உழுந்து போடுபவர்களுக்கு அது பொருந்தும்.

இறைத்துச் செய்யும் வலிகாமத்துத் தோட்டம் வேறு உலகம். வருடக்கணக்காக வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மாட்டெருவும் பசளையும் கொட்டிய மண் இது. குழை தாட்ட நிலம், பட்டி அடைத்த நிலம். பொசுபரசு பல தோட்டங்களில் தேவைக்கு மேலேயே தேங்கியிருக்கும். அப்படித் தேங்கிய இடத்தில் இன்னும் பொசுபரசு சேர்ப்பது, நாகத்தை உள்ளே எடுக்க விடாமல் பயிரை வேறொரு குறைபாட்டுக்குள் தள்ளும்.

இன்னொரு தடையும் உண்டு. நம் கிணற்று நீரில் டிஏபியைக் கரைத்துப் பாருங்கள். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு பிடி போட்டுக் கலக்கி, சற்று நேரம் விட்டால் தண்ணீர் பால்போல் கலங்கும். அடியில் வெள்ளையாக ஒரு படிவு இறங்கும். டிஏபியில் இயல்பாகவே கொஞ்சம் கரையாத கசடு இருக்கும், அதனால்தான் முதல் நாள் ஊறவைத்துத் தெளிவை மட்டும் எடுக்கச் சொல்கிறார்கள். ஆனால் இங்கே இறங்கும் வெள்ளையில் ஒரு பகுதி சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து தண்ணீரோடு வந்த கல்சியம், பொசுபரசோடு சேர்ந்து கெட்டியானது. நாம் காசு கொடுத்து வாங்கிய பொசுபரசில் கொஞ்சமும் வாளியின் அடியில் கிடக்கிறது.  கலக்கி அடித்தால் தெளிகருவியின் வாய் அடைக்கும்.

சுண்ணாம்பு நிலத்தின் பசி: மங்கனீசும் இரும்பும்

குடாநாடு முழுவதும் சுண்ணாம்புப் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வலிகாமத்துச் செம்மண்ணில் நாலைந்து அடி தோண்டினாலே பல இடங்களில் கல் தட்டுப்படும். மண் காரப் பக்கம் நிற்பதால் இரும்பும் மங்கனீசும் நாகமும் மண்ணில் இருந்தும் கரையாமல் கிடக்கும். செம்மண்ணின் சிவப்பே இரும்பால் வந்ததுதான். ஆனாலும் அதே மண்ணில் நிற்கும் சோயா இரும்புக்கு ஏங்கும்! மண்ணில் இன்னும் கொஞ்சம் மங்கனீசு சல்பேற்றைத் தூவினால் அதையும் மண் சில நாட்களிலேயே பூட்டிவிடும். இந்த இடத்தில் மட்டும் இலை, மண்ணைவிட நல்ல வழி. காரத்தன்மையான நிலங்களில் மங்கனீசுக் குறைபாடு உறுதியான சோயாவுக்கு இலைவழியாக மங்கனீசு கொடுத்து விளைச்சல் கூடியதை அமெரிக்காவிலேயே பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். மேலே சொன்ன வாசல் இதுதான்.

மங்கனீசு, இரும்பு இரண்டின் குறைபாட்டையும் கண்ணால் பிரித்தறிவது கடினம். இரண்டிலும் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருக்கும், இரண்டும் இளம் இலையில்தான் தொடங்கும். இரும்புக் குறைபாடு மிகச் சிறிய பயிரிலேயே தலைகாட்டும். கடுமையானால் கொழுந்து கிட்டத்தட்ட வெள்ளையாகிவிடும், நரம்பு மெல்லிய கோடாகத் தெரியும். மங்கனீசில் மஞ்சள் அவ்வளவு கூர்மையாகப் பிரிந்து தெரியாது. நைதரசன் குறைந்தால் முதலில் அடி இலைதான் மஞ்சளாகும். கொழுந்து பச்சையாக இருந்து அடி இலை வெளிறினால் நுண்ணூட்டப் போத்தலைத் தொடாதீர்கள்.

இரும்பு விஷயத்தில் மருந்துக்கு முன் இறைப்பைக் கவனிக்க வேண்டும். வெங்காயத்துக்கு இறைத்த பழக்கத்தில் சோயாவுக்கும் அடிக்கடி தண்ணீர் கட்டுகிறோம். சுண்ணாம்பு மண்ணில் ஈரம் கூடினால் பைகாபனேற்றும் கூடும், வேரால் இரும்பை எடுக்க முடியாமல் போகும். நைத்திரேற்று கூடினாலும் இதே நிலைதான். ஆகவே இலை வெளிறியதும் முதல் வேலை, இறைப்பின் இடைவெளியைக் கூட்டி மண்ணைச் சற்றுக் காயவிடுவது. ஒரு கிழமைக்குள் புதிதாக விரியும் இலை பச்சையாக வந்தால் உங்களுக்கு எந்தப் போத்தலும் தேவையில்லை. இதற்குச் செலவு ஒன்றுமில்லை, மண்ணெண்ணெயோ மின்சாரமோகூட மிச்சம்.

அதற்குப் பிறகும் வெளிறினால் இரும்பு சல்பேற்றை லீற்றருக்கு 5 கிராம் வீதம் அடிக்கலாம். இங்கேயும் தண்ணீர் குறுக்கே வரும். கிணற்று நீரில் இரும்பு சல்பேற்றைப் போட்டால் இளம் பச்சையாக இருக்க வேண்டிய கரைசல் சற்று நேரத்தில் துருநிறமாகும். துருவாகிய இரும்பு இலைக்குள் போகாது. லீற்றருக்கு 1 கிராம் சித்திரிக் அமிலத்தை முதலில் தண்ணீரில் கரைத்துவிட்டு, அதன்பின் இரும்பைச் சேர்த்தால் நிறம் மாறாமல் நிற்கும். சிறிய அளவில் செய்து பார்ப்பவர்களுக்குத் தேசிக்காய்ப் புளியும் உதவும். பீலியில் பிடித்த மழைநீர் இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. கரைத்த கரைசலை அன்றே அடித்துவிட வேண்டும். இரும்பு இலைக்கு இலை நகராத சத்து. அடித்த இலை பச்சையாகும், அடுத்து விரியும் இலை மறுபடி மஞ்சளாக வரும். அதனால் பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை அடிக்க வேண்டியிருக்கும். மங்கனீசுக்கு இந்த அலைச்சல் குறைவு, ஒன்று அல்லது இரண்டு தடவை போதும். எனக்கு இந்த இரண்டில் மங்கனீசில்தான் நம்பிக்கை அதிகம்.

செலேற் (சத்து படிந்துபோகாமல் கரைந்தே நிற்கும்படி கட்டிவைத்த வடிவம்) வாங்குபவர்கள் பெயரைப் பார்த்து வாங்க வேண்டும். ஈடிடிஏ (EDTA) வகை இரும்பு இலைக்கு ஆகும், காரமான மண்ணில் ஊற்றினால் நிலைக்காது. ஈடிடிஎச்ஏ (EDDHA) வகை நம் மண்ணிலும் நிலைத்து நிற்கும், ஆனால் விலை கூட. அதை வேரடியில் கொடுக்க வேண்டும், இலைக்கு அடிப்பது வீண். இந்த இரண்டையும் மாற்றிப் பயன்படுத்தி நட்டப்படுபவர்கள் ஏராளம்.

மொலிப்டினம், கோபால்ற்று என்று லேபிளில் பெரிதாகப் போட்ட கலவைகளுக்குக் கூடுதலாகக் காசு கொடுக்காதீர்கள். பிரேசிலில் சோயாவுக்கு அவற்றைக் கொடுக்கச் சொல்வது உண்மை. ஹெக்டேயருக்கு மொலிப்டினம் 12 முதல் 25 கிராம், கோபால்ற்று 2 முதல் 3 கிராம். ஆனால் அங்கே மண் அமிலத்தன்மை கொண்டது. அமில மண்ணில்தான் மொலிப்டினம் பூட்டப்படும். காரம் கூடக் கூட அது தாராளமாகக் கரையும், நம் மண்ணில் அதற்குப் பஞ்சம் வர இடமில்லை.

கடற்பாசியும் பஞ்சகவ்வியமும்

கப்பாபைகஸ் என்ற கடற்பாசியின் சாற்றை மானாவாரிச் சோயாவுக்கு அடித்து, விளைச்சல் 57 வீதம் கூடியதாக இந்தியாவில் 2009இல் ஓர் ஆய்வு வெளியானது. கிளிநொச்சி வலைப்பாட்டுக் கடலில் வளர்க்கும் பாசியும் இதுதான் என்பதால் நமக்கு இயல்பாகவே ஓர் ஆசை வரும். ஆனால் அந்த உயர்வைக் கொடுத்தது 15 வீதச் சாறு. ஒரு தாங்கிக்கு 2 லீற்றர் 400 மில்லி! போத்தலில் வாங்கி லீற்றருக்கு 2 மில்லி, 3 மில்லி அடிப்பதை அதோடு ஒப்பிட முடியாது. இறைப்பு இல்லாமல் வாடிய பயிரில் கிடைத்த பலனை இறைக்கும் தோட்டத்தில் எதிர்பார்க்கவும் முடியாது. கரையோரத்தில் பச்சைச் சாறு மலிவாகக் கிடைப்பவர்கள் ஒரு பாத்தியில் செய்து பார்க்கலாம்.

பஞ்சகவ்வியத்தை வீட்டு மாட்டிலிருந்து தாமே செய்பவர்கள் அடித்தால் கையைக் கடிக்காது. இரும்புக் குறைபாட்டுக்கு மாற்றாக அதை நம்பியிருக்க வேண்டாம்.

முதல் காசு போக வேண்டிய இடம்

சோயா தன் நைதரசனில் பாதிக்கு மேல் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளக்கூடிய பயிர். அதற்கு வேரில் முடிச்சு வேண்டும், முடிச்சுக்குப் பக்டீரியா வேண்டும். உழுந்து, பயறு, கச்சான் வேர்களில் முடிச்சுக் கட்டும் பக்டீரியா நம் மண்ணில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. சோயாவுக்கு உரியது வேறு இனம். சோயாவே போடாத தோட்டத்தில் அது இருக்காது. இலங்கையில் சோயாவுக்கான பக்டீரியாப் பூச்சு குறித்துக் கண்டியிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தில் நீண்டகாலமாக வேலை நடந்திருக்கிறது. எங்கே கிடைக்கும் என்பதைக் கமநல சேவை நிலையத்திலோ யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி விவசாய ஆராய்ச்சி நிலையத்திலோ போகம் தொடங்குவதற்கு முன்பே கேட்டு வையுங்கள். உயிருள்ள பொருள் என்பதால் பொதியின் திகதியைப் பார்த்து வாங்க வேண்டும், வெயிலில் வைக்கக் கூடாது. நிழலில் வைத்து விதையில் பூசி, அன்றே ஈர மண்ணில் விதைத்து மூட வேண்டும். பூஞ்சண மருந்து பூசிய விதையாக இருந்தால் அந்த மருந்தே பக்டீரியாவைக் கொன்றுவிடலாம். விதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள எந்த ஆய்வுகூடமும் தேவையில்லை. விதைத்து ஐந்தாம் கிழமையில் இரண்டு மூன்று செடியை மண்வெட்டியால் வேரோடு கிளப்புங்கள். இழுத்துப் பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே கழன்று நின்றுவிடும். வாளித் தண்ணீரில் மெதுவாக அலசி, மிளகு அளவு முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பிளந்து பாருங்கள். உள்ளே இறைச்சிச் சிவப்பாக இருந்தால் பயிர் தன் நைதரசனைத் தானே பார்த்துக்கொள்கிறது. யூரியா, நனோ, கலப்புத் தூள் எல்லாவற்றையும் அன்றைக்கே மறந்துவிடலாம். உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தாலும், முடிச்சே இல்லாவிட்டாலும் இந்தப் போகத்துக்கு யூரியாவை மேற்கட்டாக மண்ணில்தான் கொடுக்க வேண்டும். நைத்திரேற்றும் மாட்டெருவும் கூடிய நிலத்தில் பயிர் முடிச்சுக் கட்டச் சோம்பல்படும் என்பதால், வெங்காயம் கிளப்பிய கையோடு அதே பாத்தியில் சோயா போடுபவர்கள் அடிக்கட்டு யூரியாவைத் தவிர்ப்பது நல்லது.

அடித்துப் பார்த்து முடிவெடுப்பது

நுண்ணூட்டம் வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில் எப்போதும் ஒரு சின்னப் பரிசோதனைதான். வெளிறிய இடத்தில் மூன்று துண்டுகளைக் கயிறு கட்டிப் பிரியுங்கள், நடுவில் இரண்டு வரிசை விட்டுக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மங்கனீசு, ஒன்றுக்கு இரும்பு, ஒன்றுக்கு வெறும் தண்ணீர். இரண்டையும் ஒன்றாகக் கலந்து அடித்தால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது. ஒரு கிழமையில் இலை பதில் சொல்லும். மூன்று துண்டும் ஒரே மாதிரி இருந்தால் பிரச்சினை வேறெங்கோ இருக்கிறது, போத்தல் வாங்கும் பேச்சை விட்டுவிட்டு மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

அடிக்கும் நேரம் சிறுபோகத்தில் பெரிய விஷயம். சோளகக் காற்று வீசும் மாதங்களில் காலை பத்து மணிக்கு அடித்தால் பாதி அடுத்த தோட்டத்துக்குப் போகும், மீதி இலையில் ஒட்டுவதற்குள் காய்ந்துவிடும். காய்ந்த உப்பு இலைக்குள் போகாது, இலையைக் கருக்கத்தான் செய்யும். காற்று தணிந்த பின்னேரத்தில் அடித்தால் இரவு ஈரத்தில் இலை மெதுவாக உறிஞ்சும். சோயா இலையில் மயிர் இருப்பதால் துளி உருண்டு நிற்கும், கொஞ்சம் ஒட்டுதிரவம் சேர்த்துக்கொள்ளுங்கள். களைநாசினி அடித்த தாங்கி என்றால் நன்றாகக் கழுவாமல் தொடவே வேண்டாம். பூச்சிமருந்தோடு கலந்து ஒரே கூலியில் முடிக்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள்.

இலை பச்சையானதோடு திருப்திப்பட்டுவிடக் கூடாது. அறுவடையின்போது அந்த மூன்று துண்டிலும் 5 சதுர மீற்றர் வீதம் அளந்து தனித்தனியாக வெட்டி, காயவைத்து, அடித்து, சமையலறைத் தராசில் நிறுங்கள். பரப்புக்கு 50 கிலோ விளையும் நிலமானால் வெறும் தண்ணீர் அடித்த துண்டு 1 கிலோ அளவு காட்டும். மங்கனீசுத் துண்டில் 100 கிராம் கூடினால் பரப்புக்கு 5 கிலோ. அந்த 5 கிலோ சோயாவின் விலையையும், சல்பேற்றுக்கும் அடித்த கூலிக்கும் போன காசையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 20 கிராம், 30 கிராம் வித்தியாசம் வந்தால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரே பாத்தியின் இரண்டு மூலைக்கு நடுவிலும் அவ்வளவு வித்தியாசம் வரும்.